முதல் ரூல்

“ரூபாவோட மெயில் ஒண்ணுகூட சென்னைக்குப் போகக்கூடாது. பிளான்ட் ஹெட் ஆர்டர்.”

ஐ.டி. மேனேஜர் ஹரீஷ்குமார் ஹீனாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

ஹீனா கீபோர்டை இழுத்துக்கொண்டாள். ஓசூர் சிப்காட்டில் இருந்த அந்த உதிரிபாகக் கம்பெனியின் மெயில் சர்வர் அவள் பொறுப்பு.

ரூபா, பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர். பெண்கள் டீக்கு நழுவுகிறார்கள் என்று அங்கே அவசர வழிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே தின்னர் டின்கள். ஒரு பொறி போதும்.

இங்கே சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ரூபா, இன்று ஷிஃப்ட் முடிந்ததும் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கே எழுதப்போகிறாள். கேன்டீனில் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள்.

“ஜூஜுவாடி செக்போஸ்ட்ல லாரிய மடக்கற மாதிரி இங்கயே மடக்கிடு” என்றார் ஹரீஷ்குமார்.

மெயிலைத் திறக்கவே வேண்டாம். ஹெட்டரில் யார், யாருக்கு, எதைப் பற்றி என்ற வரிகளே போதும்.

ஹீனா தட்டினாள். அனுப்புவது ரூபா, போவது சென்னைக்கு என்றால், பிளான்ட் ஹெட்டுக்குத் திருப்பு.

சொன்னது சொன்னபடி.

ஆனால் அதற்கு மேலே இன்னொரு ரூல் இருந்தது. காலையில், கேன்டீன் பேச்சைக் கேட்ட கையோடு அவளே போட்டது. சப்ஜெக்டில் ‘சேஃப்டி’ என்ற வார்த்தை இருந்தால், யார் அனுப்பினாலும் தடுக்காதே.

சர்வர் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்துகிற ரூலோடு நின்றுவிடும். கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

மீட்டிங்கிலேயே காலம் தள்ளும் மேனேஜருக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப்போகிறது?

ஹரீஷ்குமார் குனிந்தார். அவர் விரல் திரையின் மேல் வரியில் போய் நின்றது.

“இது என்னம்மா?”

“பழசு சார்.”

வேலை போனால் நாளைக்கே எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வேலை தேடி அலைய வேண்டியதுதான்.

அவர் அந்த வரியை வாசித்தார். மறுபடி வாசித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பிளான்ட் ஹெட் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். ஹரீஷ்குமார் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“இங்கிலீஷ்ல மட்டும் போட்டிருக்கியே. அந்தப் பொண்ணு தமிழ்லதான் எழுதும். ‘கதவு’ன்னு ஒண்ணு சேர்த்துடு.”

ஹீனா திரும்பிப் பார்த்தாள்.

“கீழ இருக்கறத தொடாத. அவர் கேட்டா காட்டணும்ல.”