கங்காணிக் கட்டு

அம்மாக்கண்ணு ஓடிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் துள்ளித் துள்ளி எழுந்த கோடு அப்படித்தான் சொன்னது.

"பாத்தியா கங்காணி! கால் ஊன முடியலன்னு லீவு. இங்க ஓட்டப்பந்தயம் ஓடுறா!" பெரிய தொரை மேசையைத் தட்டினார்.

மஸ்கெலியாப் பக்கத்து அந்தத் தோட்டத்துக்குத் திரை வந்து ஒரு வாரம். வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்துப் பார்க்கக் கொடுத்த ஜெல் கட்டு ஒன்றும் கூடவே வந்தது. வழவழவென்ற அந்த ஜெல் புண்ணையும் ஆற்றும். உடம்புச் சூடு, நாடி, நடமாட்டம் எல்லாவற்றையும் பிடித்துத் திரைக்கும் அனுப்பும்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை குத்திக் கிழித்த அம்மாக்கண்ணுவின் காலில் அதைக் கட்டி, "தொழிலாளியின் காயம் என் காயம்" என்று தொரை அரை மணி நேரம் பேசினார். போட்டோவும் எடுத்தார்கள். அன்று முதல் புண் ஆறுகிறதா என்று அவர் பார்க்கவில்லை. ஆள் ஏமாற்றுகிறாளா என்றுதான் பார்த்தார்.

கங்காணி செல்லசாமி திரையை எட்டிப் பார்த்தார். "சூடு நூத்தி ரெண்டு காட்டுதுங்களே தொரை. காய்ச்சக்காரி எப்படிங்க ஓடுவா?"

"ஓடுறதாலதான் சூடு! நம்ம பங்களா நாய் சீசருக்கும்தான் முள்ளுக்கம்பி காலக் கிழிச்சிச்சு. இப்ப துள்ளிக் குதிக்கிறான். நாய்க்கு இருக்கிற ரோசம் இவங்களுக்கு இல்ல. எடு ஜீப்ப!"

"தொரை, அது வந்துங்க..."

"வாய மூடு!"

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டால் தொரைக்குக் குரல் தானாக உயரும். "அந்தக் கட்டோட ஓடினது யாரா இருந்தாலும் சரி, இன்னிக்கே தோட்டத்த விட்டு வெளிய! மெசின் பொய் சொல்லாது!"

அம்மாக்கண்ணு சுவரைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வந்தாள். காலில் சுற்றியிருந்த பழைய சேலைத் துணியில் சீழ் கசிந்திருந்தது.

தொரை குனிந்து பார்த்தார். "ஜெல் கட்டு எங்க?"

"போட்டா புடிச்சு முடிஞ்ச கையோட தொரைசாணியம்மா வந்து கழட்டிட்டுப் போயிட்டாங்களே, தெரியாதுங்களா?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அம்மாக்கண்ணு கை கூப்பினாள்.

"பாவங்க, வாயில்லாத சீவன். சீசரத் தோட்டத்த விட்டு வெரட்டிறாதீங்க தொரை!"