ஒன்றரை டன்

"ஒன்றரை டன்னைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டப் போறியாம்மா? விட்டா யானையையே தொங்கவிடுவ போலிருக்கே!"

குவாட்டர்ஸ் ஆபீஸில் இன்ஜினியர் விஜயராஜ் கம்ப்யூட்டர் திரையைப் பாயிஜா பக்கம் திருப்பினார். 'சுவர் தாங்காது' என்று சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது.

"மாமியார் ஆபரேஷன் முடிஞ்சு நாளைக்கு வூட்டுக்கு வராங்க சார். அது கண்டிப்பா வேணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பர்மிஷன் குடுங்க."

"டாக்டருக்குச் சுவத்தைப் பத்தி என்ன தெரியும்? இந்த சாஃப்ட்வேர்ல டன்னுன்னு போட்டா அதுவே கிலோவா மாத்திக்கும். ஆயிரத்தைந்நூறு கிலோ! உன்னை மாதிரி வாய்க்கு வந்ததைச் சொல்லாது."

"ரெண்டே ஆளுங்க அதைத் தூக்கிகினு வந்து மாடியில வச்சிட்டாங்களே சார்?"

"ஆயிரத்தைந்நூறு கிலோவை ரெண்டு ஆளா? பொய்யையாவது பொருத்தமாச் சொல்லத் தெரியுதா உனக்கு?"

பாயிஜா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சட்டென்று பின்வாங்கி வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"சார், எழுந்து ஓடியாந்துடுங்க!"

"ஏன், என்னாச்சு?"

"உங்க தலைக்கு மேல ஓடிகினு இருக்கிற ஏசியும் ஒன்றரை டன்தாங்க!"