காலியாக விட்ட இரண்டு வரி

கணபதிப் பகுதியில் மோட்டார் பட்டறை வைத்திருந்த செங்கோட்டையனுக்கு மகள் மோகனப்பிரியாவைப் பற்றிப் பேசினாலே தலைகால் புரியாது. ரகசியச் செய்திகளைப் பூட்டுகிற இருநூறு இலக்க எண் ஒன்றை இரண்டு பகா எண்களாகப் பிரிக்க, அவளுடைய கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. பிரித்துவிட்டால் அந்தப் பூட்டு திறந்துவிடும்.

“மோட்டார் ஓடறதுக்கு முந்தியே அதுக்குப் பேர்த் தகடு அடிக்கற பட்டறைங்க இது,” என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டே, அந்த எண்ணைப் பித்தளைத் தகட்டில் இரும்பு எண் அச்சுகளால் அடித்துப் பொறித்தார். விடைக்காகக் கீழே இரண்டு வரி காலியாக விட்டார். கடைசி இலக்கத்தை அடிக்கும்போது ஏழாம் எண் அச்சு உடைந்துபோனது.

இரவு பூட்டிவிட்டுப் போன பட்டறையை மறுநாள் அவரே திறந்தார். தகட்டில் இரண்டு வரிகளும் நிரம்பியிருந்தன.

“கண்டுபுடிச்சுப்போட்டு எங்கிட்டச் சொல்லவேயில்லையே, கண்ணு?”

“நான் இன்னும் கண்டுபுடிக்கலீங்கப்பா.”

அவள் இரண்டையும் பெருக்கிப் பார்த்தாள். மேலே இருந்த எண் ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் வந்தது. அவளுடைய கம்ப்யூட்டர் இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

உடைந்த அச்சு மேசையிலேயே கிடந்தது. புது வரிகளில் இருந்த ஏழுகளோ கூர்மையாக இருந்தன. செங்கோட்டையன் அவற்றின்மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

“ஆரு அடிச்சிருந்தாலுஞ் செரி அம்மணி, நம்ம பட்டறை வேலைதான். வரிசை பாரு, நூல் புடிச்சாப்பல இருக்குது.”

தகட்டை வாசலில் மாட்டினார். சாயங்காலம் புதிய ஏழாம் அச்சு வாங்கிவந்து, மகளிடம் அதைவிடப் பெரிய எண்ணொன்றைக் கேட்டு அடுத்த தகட்டில் பொறித்தார். கீழே இரண்டு வரி காலியாக விட்டு, பட்டறையைப் பூட்டினார்.