கோதுமை பீரும் முறைத் தண்ணியும்

“மாமனாருக்கு மருமகன் பீர் ஊத்திக் குடுக்குற காலமாப் போச்சு. குடும்பம் நல்லா வெளங்கும்.”

அடுப்படியில் மாமியார் ஜக்கம்மாள் கறிச்சட்டியிடம்தான் பேசினாள். பேச்சு என்னவோ ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தது.

பிரபுவுக்குக் காது சுட்டது. ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தவன், விருந்துக்குக் கோதுமை பீர் இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தான். அதில் போதை துளியும் கிடையாது. அப்பாவுக்குச் சுகர் என்று மனைவி கீர்த்தனா தேடி வாங்கவைத்தது. சொன்னால் மாமனார் பொன்னுத்துரை தொடமாட்டார் என்று இருவரும் மூச்சுவிடவில்லை.

ஹாலில் வேறொரு சங்கடம். பொன்னுத்துரைக்கும் தம்பி அய்யனாருக்கும் சித்திரையிலிருந்து பேச்சில்லை. பொதுக் கிணற்றில் தன் முறைத் தண்ணியை அண்ணன் மல்லிகைக்குத் திருப்பிவிட்டார் என்பது தம்பி கட்சி. அன்றைக்குக் கரண்டே இல்லை என்பது அண்ணன் கட்சி. நடுவில் தம்பியின் தக்காளி கருகிப்போனது. கீர்த்தனா கெஞ்சிக் கூப்பிட்டதால் அய்யனார் வந்து, காலண்டரை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் பேசாமல் போனால் இனி இந்த வாசப்படி மிதிக்கமாட்டார்.

பிரபு உயரக் கிளாஸைத் தண்ணீரில் அலசி, சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றினான்.

“என்ன மாப்ளே, கலங்கலா இருக்கு? கெட்டுப்போச்சா?”

“கோதுமை பீர் அப்படித்தான் மாமா. கடைசி கொஞ்சத்தைச் சுழட்டி, அடிமண்டியையும் சேத்து ஊத்தணும்.”

அய்யனாருக்கு அம்புட்டுப் பொறுமை ஏது? தன் பாட்டிலை டீ ஆத்துற மாதிரி தூக்கி ஊற்றினார். நுரை பொங்கி வேட்டியில் இறங்கியது. கீர்த்தனா சிரித்துவிட்டாள். பொன்னுத்துரையும் சிரிப்பை அடக்க ஒரு மடக்குக் குடித்தார்.

“அடேங்கப்பா, சிறுமலை வாழைப்பழத்தை உரிச்ச வாசம்ல வருது.”

அரைக் கிளாஸ்தான். அவர் கண் சொருகியது, நாக்குக் குழறியது. பிரபு கீர்த்தனாவைப் பார்த்தான். இதென்ன கூத்து!

“ஏலே அய்யனாரு... அன்னைக்குக் கரண்டு இருந்துச்சு. உன் தண்ணிய நாந்தான் திருப்புனேன். தப்புதான்டா. மன்னிச்சுக்க.”

அய்யனார் தன் கிளாஸில் மிஞ்சியதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தள்ளாடி எழுந்து அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

“தக்காளி போனாப் போகுதுண்ணே. நீ பேசாம இருந்ததுதான் தாங்கல.”

இரண்டு பேரும் ஒரே இலையில் கறிச்சோறு தின்றார்கள். ஜக்கம்மாள் கரண்டியோடு வந்து நின்று மூக்கைச் சிந்தினாள்.

“இன்னொரு பாட்டில் இருக்கா மாப்ளே?” என்று அவளே கேட்டாள்.

சாப்பிட்டு முடித்து அய்யனார் ஆடிக்கொண்டே கிளம்ப, கீர்த்தனா வழியனுப்பப் போனாள். பிரபுவுக்கு மனசு கேட்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்க மாமா. அதுல போதையே கிடையாது.”

பொன்னுத்துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். நாக்கு இப்போது குழறவில்லை.

“மொத மடக்குலயே தெரிஞ்சுபோச்சு மாப்ளே. தெளிவா இருக்கயில தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்க வாய் வரமாட்டேங்குதே, என்ன செய்ய? மெதுவாப் பேசுங்க. பாவம், நெசமாவே போதைன்னு நம்பிட்டுப் போறான்.”

வாசலில் பைக் கிளம்பும் சத்தம். கீர்த்தனா வாயைப் பொத்திக்கொண்டு வந்து பிரபுவை அடுப்படிக்கு இழுத்தாள்.

“சித்தப்பா ஆடாம அசையாம நின்னு சொல்லிட்டுப் போறாருங்க. ‘பீருல ஒண்ணுமில்லைன்னு அண்ணன்கிட்ட சொல்லிப்புடாத ஆத்தா, மனுசன் கூசிப்போயிருவாரு’ன்னு.”