நஸ்ரீனின் குரலுக்கு அனுமதி

கல்லூரி நூலகத்தின் அமைதி அறையில், உட்கார்ந்திருப்பவரின் நாடித் துடிப்பை ஏற்றும் ஒலிகளை மேசையே தடுத்துவிடும். இரைச்சல் தாங்காத இளம்பரிதி அங்கேதான் தலை நிமிராமல் படிப்பான். மூன்று நாளாகப் பேசிப் பார்த்த பக்கத்து மேசை நஸ்ரீன், "திமிர் பிடிச்சவன்" என்று வேறு இடம் கேட்டுவிட்டாள்.

விஷயம் தெரிந்து அவன் நூலகர் குணவதியிடம் ஓடினான்.

"முதல் நாள் அந்தப் பொண்ணு குரல் கேட்டதுமே உனக்குத் துடிப்பு எகிறிடுச்சுப்பா. அதான் மேசை தடுத்திருக்கு."

"எகிறட்டும் மேடம். அந்தக் குரலை மட்டும் விடச் சொல்லுங்க."

குணவதி சிரித்தபடி அனுமதித்தார்.

நஸ்ரீன் பையை எடுத்துக்கொண்டிருந்தாள். "சாருக்கு இப்பத்தான் காது கேக்குதா?"

"கேக்குது. உக்காருங்க, பேசுங்க."

துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டியது. அவனை அமைதிப்படுத்த மேசை தன் விளக்கை மங்கலாக்கியது. அவள் முகம் தெரிவதற்காக அவன் அதைத் திரும்பக் கூட்டினான்.