கறுப்பியின் பின்னங்கால்

மாட்டுக் கண்காட்சியில், மணல் விரித்த வட்டத்தின் நடுவே நடுவரான கால்நடை டாக்டரம்மா நிற்கிறாள். பதினோரு வருஷமாக வாயே திறக்காமல் பரிசு கொடுத்தவள். ஜனங்களுக்கும் காரணம் புரியட்டும் என்று இந்த முறை அவள் புடவையில் மைக்கைக் குத்திவிட்டார்கள். "உடற்கட்டு, நடை, மடியமைப்பு ஆகியவற்றின் அடிப்படையில்" என்று எழுதிவந்ததை வாசித்து முடிக்கிறாள். கேலரி கொட்டாவி விடுகிறது. வியர்த்த கையால் மைக்கின் பொத்தானை அழுத்திவிட்டு, அப்பாடா என்று பக்கத்தில் நிற்கும் கறுப்பி என்ற பசுவிடம் குனிகிறாள். சிவப்பு விளக்கு அணையாததைக் கவனிக்கவில்லை. மாட்டைத் தடவும்போது அதனோடு பேசுவது அவள் பழக்கம். "என்னடி, ராணியாட்டம் நிக்கற? மடி பஞ்சு மாதிரி இருக்கு. நட பாப்போம். முன்னங்கால் வச்ச தடத்துலயே பின்னங்கால் விழணும்டி, நீ ஒரு சாண் பின்னாடியே வைக்கற. வருஷாவருஷம் இங்கதான கண்ணு கோட்டை விடற?" அவள் குரலே ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வருகிறது. சட்டென வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஆனால் கேலரியே எழுந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து எட்டிப் பார்த்து, மணலில் தடம் தேடுகிறது. "ஆமா, பின்னாடிதான் விழுது!" என்கிறாள் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. மூன்று வருஷமாக இரண்டாம் பரிசை வாங்கி முறைத்துக்கொண்டு போன கறுப்பியின் சொந்தக்காரர், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு தடத்துக்கும் நடுவே விரலை விரித்து அளக்கிறார். சரியாக ஒரு சாண். டாக்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் நிமிர்கிறார். "இத அன்னைக்கே வாய்விட்டுச் சொல்லியிருந்தா, நான் ஏம்மா உங்களத் திட்டிக்கிட்டே வீட்டுக்குப் போகப்போறேன்?" அவள் விடுகிற பெருமூச்சு மைதானம் முழுக்கக் கேட்கிறது.