ரிலீவாஸ்ரீ

"குழந்தை பேரு?"

"ரிலீவாஸ்ரீ, சிஸ்டர்."

நர்ஸ் ஸ்ரீமதி பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அந்தச் சின்ன நர்சிங் ஹோமில், தடுப்பூசி அட்டைக்குப் பெயர் எழுதியே அவளுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. காலையிலிருந்து ஒரு தக்ஷிதாஸ்ரீ, ஒரு யோஷ்விதாஸ்ரீ. இப்போது இது.

"இன்னொரு தடவ சொல்லு."

"ரி-லீ-வா-ஸ்ரீ," என்றாள் மங்கலம், ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமல்.

"கடைசியில ஸ்ரீ மட்டும்தான் புரியுது. மீதி என்ன பாஷை? என்ன அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் தெரியாது சிஸ்டர்."

"தெரியாமலேயே ஒரு பொட்டப்புள்ளைக்குப் பேரு வெப்பீங்களா? நாளைக்கு ஸ்கூல்ல கேட்டா அது என்ன சொல்லும்? ஜோசியர் எழுத்து குடுத்தாரா, இன்டர்நெட்ல எடுத்தியா? நான் எழுத மாட்டேம்மா. வூட்டுக்காரரக் கேட்டு நல்ல பேரா ஒண்ணு சொல்லு."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. மங்கலம் நகரவில்லை.

"இது ஒருத்தவுங்க பேரு சிஸ்டர். இங்கதான் வேலை செய்றாங்க."

"இங்கயா? இந்தப் பேர்ல இங்க யாரும் கெடையாது."

"காணும் பொங்கல் அன்னிக்கு இங்கதான் இவ பொறந்தா. மத்தியானம் ரெண்டு மணி. டாக்டரம்மா சாப்புடப் போயிட்டாங்க. எனக்கு வலியில உசுரு போவுது. டூட்டி நர்ஸம்மா மொகத்தக்கூட நான் சரியாப் பாக்கல, வாசப்படியில நின்னே, 'ரிலீவா இப்ப வந்துருவா, அவ பாத்துப்பா'ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாங்க."

"அப்புறம்?"

"ஒருத்தவுங்க ஓடி வந்தாங்க. வாளியையும் தொடப்பத்தையும் அப்புடியே போட்டுட்டு, கையக் கழுவிட்டு வந்து எம்புள்ளைய ஏந்துனாங்க. 'ரிலீவாம்மா நீங்கதானா'ன்னு கேட்டேன். 'ஆமா கண்ணு, நான்தான், பயப்படாத'ன்னாங்க."

ஸ்ரீமதி மேசையில் வைத்த பேனாவைத் திரும்ப எடுத்தாள்.

"அவுங்ககிட்ட குழந்தையக் காட்டணும்னுதான் அம்மா வூட்லேருந்து நேரா இங்க வந்தேன். இன்னிக்கு டூட்டில இருக்காங்களா சிஸ்டர்?"

ஸ்ரீமதி அட்டையை இழுத்து, ஒவ்வோர் எழுத்தாக அந்தப் பெயரை எழுதினாள். பிறகு, வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தவளை அழைத்தாள்.

"கொளஞ்சியம்மா, கொஞ்சம் உள்ள வாங்க."

டூட்டி மாற்ற வர வேண்டிய ரிலீவர் அன்றைக்கு லீவு. அது தெரிந்தேதான் ஸ்ரீமதி சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தாள்.